சாமிமேடை உயரம்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான். "சாமிமேடை எங்க இருக்கு? கும்பிட்டுட்டு வேலைய ஆரம்பிக்கிறேன்."

வீட்டுக்காரர்கள் உருகிப்போவார்கள். வெள்ள ஆபத்தைப் பார்க்க வந்த இஞ்சினியர் அம்மா, மஞ்சள் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, குழாயடியில் கால் அலம்பிக்கொண்டு வந்து, சுவரில் அடித்த பலகையில் வரிசையாக நிற்கும் முருகனையும் மாரியம்மனையும் கண்ணை மூடிக் கும்பிட்டால் யாருக்குத்தான் உருகாது? திருநீற்றுத் தட்டை நீட்டுவார்கள். சில வீடுகளில் வீட்டுக்கார அம்மாவே குங்குமம் வைத்துவிடுவார். இவர் பணிவாக வாங்கிக்கொண்டு, பலகையின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அந்தத் தொடுகைதான் அளவு. விளிம்பு தன் தோளுக்கு நேராக இருக்கிறதா, மூக்குக்கு நேராகவா, நெற்றிக்கு மேலேயா என்று பார்த்துக்கொள்வார். தன் உடம்பில் எந்த இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது அவருக்கு மனப்பாடம். கும்பிட்டு முடிக்கும்போதே அளந்தும் முடித்திருப்பார்.

"எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லலா தம்பி," என்று ஒருநாள் காரில் சொன்னார். "ஆனா மேடை பொய் சொல்லாது. பாஞ்சிர் வந்து போச்சுன்னா மனுசன் என்ன செய்வான்? நனைஞ்ச மெத்தைய வெயில்ல போட்டு அதுலயே படுத்துக்குவான். சாமிய மட்டும் இன்னொரு தடவ நனைய விடமாட்டான். பலகைய கழட்டி ஒரு முழம் மேல அடிப்பான். வீட்டுக்காரன் வாயில வர்றத எல்லாம் எழுதிட்டு வந்தேன்னா என் வேலை போயிரும்."

பாஞ்சிர் என்றால் வெள்ளம். அதைக் கணிக்கும் ஒரு தனியார் அலுவலகத்தில் நான் அவரோடு வேலை பார்த்தேன். காரை ஓட்டுவதும், கோடு போட்ட நீளமான அளவுத் தடியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பதும் என் வேலை. அவர் என்னைவிடப் பெரியவர், அதனால் அக்கா. அந்த வேலையை நான் விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அக்காவை மட்டும் விட முடியவில்லை.

நான் சொல்லவந்த காலத்தில் எங்களுக்குக் கிடைத்திருந்த வேலை, டத்தோ கிராமாட் பக்கம் வீடுகளின் முதுகுக்குப் பின்னால் ஓடும் ஒரு சின்னச் சுங்கை. சுங்கை, அதாவது ஆறு, என்று சொல்வதே மரியாதைக்குத்தான். வெயில் நாளில் அது ஒரு பெரிய சாக்கடை. மலைப்பக்கம் மழையும் கடலில் நீரேற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டால், போக இடமில்லாத தண்ணீர் திரும்பி வீடுகளுக்குள் வரும். எந்த வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கணித்து வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சிவப்போ பச்சையோ பூச வேண்டும். சிவப்பு வீட்டுக்காரர்களுக்கு வேறிடத்தில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீடு கிடைக்கும். அது கிடைக்கும்வரை, மழை வலுத்தால் படகு முதலில் சிவப்பு வீடுகளுக்குத்தான் வரும். பச்சை என்றால் இருந்த இடத்திலேயே இருந்துகொள்ளலாம்.

பெரும்பாலானவர்களுக்கு இருந்த இடத்தில் இருக்கத்தான் ஆசை. கோயில் பக்கம், பாசார் பக்கம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கம். அதனால் எங்களைக் கண்டதும் சுங்கைக்கு நற்சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். தண்ணீரா, வாசற்படியை நனைக்கும், அவ்வளவுதான் என்பார்கள். இதே ஆட்கள் முந்தைய வெள்ளத்தின்போது உதவிப்பொருள் கொடுக்க வந்தவர்களிடம் கழுத்தைத் தொட்டுக் காட்டியிருப்பார்கள். அக்கா அதற்கு ஒரு வாசகம் வைத்திருந்தார். "பந்துவான்னா கழுத்து, பிண்டான்னா கணுக்கால்." பந்துவான் என்றால் உதவி, பிண்டா என்றால் வீடு மாறிப்போவது. இதை அவர் அந்த ஜனங்களின் முகத்துக்கு நேராகவே சொல்லிச் சிரிப்பார்.

யார் எந்த அளவைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், வாட்டசாட்டமான மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர், "என் இடுப்பு வரைக்கும் வந்துச்சும்மா, சத்தியமா," என்றார்.

"அப்ப உங்களுக்கு என்ன வயசுங்கய்யா?"

"ரெண்டாம் வகுப்பு படிச்சிட்டிருந்தேன்."

"அப்ப யார் இடுப்பு அது?"

பெரியவர் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். இத்தனை காலமும் அவர் எல்லோருக்கும் கைவைத்துக் காட்டிவந்த இடுப்பு அது. உள்ளேயிருந்து அவர் மனைவி சிரித்துவிட்டார். அக்கா நிறுத்தவில்லை. "இந்த இடுப்புக்கு வந்திருந்தா அன்னிக்கே உங்க வம்சம் முடிஞ்சிருக்கும், ஐயா."  கலக்கி வைத்த தேநீரைக்கூட அந்த மனிதர் அதன்பின் எங்களைக் குடிக்கச் சொல்லவில்லை. இந்தக் கதை அலுவலகத்துக்குப் போய், மலாய்க்காரச் சகாக்கள் அவருக்கு 'புவான் பிங்காங்' என்று பெயர் வைத்தார்கள். இடுப்பம்மா என்று அர்த்தம். அக்காவுக்கு அது பட்டம் கிடைத்தது போல இருந்தது.

அவருடைய குறும்பு எல்லா இடத்திலும் இப்படிச் சிரிப்பில் முடிந்ததில்லை. ஒரு வீட்டுக்கு நாங்கள் போன நேரம், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் பலகாரத் தட்டு. அந்த வீட்டைக் கல்யாணத்தோடு மகள் பெயருக்கு மாற்றிக் கொடுப்பதாகப் பேச்சு. நான் அக்காவின் கையைப் பிடிக்காத குறையாக, இன்னொரு நாள் வரலாம் என்றேன். அவர் உள்ளே போய்ச் சாமி கும்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா மெச்சுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே அக்கா கேட்டார்.

"இந்த மேடைய எத்தன தடவ மேல ஏத்தியிருக்கீங்க? சுவரு பூரா ஓட்டையா இருக்கே."

பெண்ணின் அப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கரையான் என்றார். புதுப் பலகை என்றார். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரையான் நேர்கோட்டுல ஏறாதுங்க," என்றார். பலகாரத் தட்டு அப்படியே இருந்தது. அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம். நான் கோபமாக ஏதோ சொன்னேன். "நான் பொய்யா சொன்னேன்? அந்தப் பொண்ணு வெள்ளத்துல மூழ்கிப் போகாம இருக்கறதுக்கு வழி சொல்லியிருக்கேன்," என்றார். அவரோடு வாதாட முடியாது. அவர் சொன்னது எப்போதும் சரியாக இருக்கும், அதுதான் எரிச்சல்.

மதியத்துக்குள் அவர் நெற்றி சுண்ணாம்படித்த மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு வீட்டுத் திருநீறும் முந்தின வீட்டுத் திருநீற்றின் மேல் ஏறியிருக்கும். காரில் ஏறியதும் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்து, "இன்னிக்கு நல்ல வேலை," என்பார். ஈரத் தாளால் துடைத்துத் துடைத்துச் சன்னல் வழியாக எறிவார். எனக்குச் சாமி பயம் உண்டு. பலமுறை அந்தத் தாளை நான் இறங்கிப் பொறுக்கியிருக்கிறேன்.

அவரை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். எனக்கு டெங்கி வந்து மருத்துவமனையில் கிடந்தபோது, பப்பாளி இலையை அரைத்துப் பிழிந்த சாற்றை ஒரு நெஸ்கஃபே புட்டியில் எடுத்துக்கொண்டு தினமும் வந்தவர் அவர்தான். கசப்பில் நான் முகத்தைத் திருப்பினால் தாடையைப் பிடித்து ஊற்றுவார். "குடிலா. நீ செத்தா நான் தடி பிடிக்க ஆள் தேடணும்." அன்பையும் அவர் அந்த மொழியில்தான் பேசுவார். வேறு மொழி அவருக்குத் தெரியாது என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வரிசையில் கடைசியாக இருந்தது ஓர் அம்மாளின் வீடு. தெரு அங்கே கொஞ்சம் மேடேறும், அதனால் முன்வாசல் உயரம். பின்பக்கம் அடுப்படி தாழ்ந்து சாக்கடையை ஒட்டி இருக்கும். என் தடிக் கணக்குப்படி அந்த வீடு சிவப்புக்கும் பச்சைக்கும் நடுக்கோட்டில் நின்றது. நடுக்கோட்டு வீடுகளுக்கு அக்காவின் வழக்கப்படி மேடைதான் தீர்ப்பு.

அந்த அம்மாள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இனிப்பு நீரால், அதாவது சர்க்கரை வியாதியால், ஒரு காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். இன்னொரு காலிலும் தெம்பில்லை. மகன் பாயான் லெப்பாசில் ஃபேக்டரி வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான்.

"பசியாறிட்டீங்களாம்மா?" என்று எங்களைக் கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்வதற்குள் விஷயத்துக்கு வந்தார். "என்னைய செவப்புல போட்டுரும்மா. உனக்குப் புண்ணியமா போகும்."

அந்தச் சுங்கைக்கரை முழுவதிலும் சிவப்பைக் கேட்டு வாங்க நினைத்தவர் அவர் ஒருவர்தான். அக்காவின் புருவம் ஏறியது.

"எவ்ளோ தண்ணி வரும் ஆண்ட்டி?"

"கழுத்துக்கு வரும்மா."

"யார் கழுத்துக்கு?"

"என் கழுத்துக்குத்தான்."

"உக்காந்த கழுத்தா, நின்ன கழுத்தா?"

தடியைப் பிடித்தபடி நான் வெளியே நின்றிருந்தேன். எனக்குக் காது சுட்டது. அந்த அம்மாள் காலிருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "நின்ன கழுத்து எனக்கு ஏதும்மா?" பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "முன்னால வராதும்மா. பின்னால அடுப்படி வழியாத்தான் வரும். சத்தமே இருக்காது. பார்த்தா காலடியில நிக்கும். மகன் இருந்தா தூக்கிட்டுப் போயிருவான். அவன் வேலையில இருந்தா நான் யாரைக் கூப்புடுவேன்?"

"சரி ஆண்ட்டி. சாமி கும்பிட்டுட்டு வந்துடறேன்."

வாசலிலிருந்தே எனக்கு உள்ளே தெரிந்தது. மேடை அக்காவின் இடுப்பு உயரத்தில் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எண்ணெய்ப் புட்டி, தீப்பெட்டி. அதற்கு மேலே சுவரில் மளிகைக்கடைக்காரர் கொடுத்த பெரிய காலண்டர். திருநீறு எடுக்க அக்கா குனிய வேண்டியிருந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கள்ளனைப் பிடித்த களிப்பு.

காரில் ஏறியதும் சொன்னார். "கழுத்து வரைக்கும் வருமாம். சாமிய இடுப்புயரத்துல வச்சிருக்கு. பாஞ்சிர் பார்த்த வீட்டுல யாராச்சும் இப்படி வைப்பாங்களா? லிஃப்ட் ஃபிளாட் வேணும், அதுக்கு இந்த நாடகம்."

"கால் இல்லாத மனுசி அக்கா. நடுக்கோட்டுலதான இருக்கு. பாவம், செவப்பே போட்டுருங்க."

"பாவத்துக்குன்னு ஒரு கலர் இல்ல தம்பி."

வரைபடம் வெளியானபோது அந்த வீடு பச்சை. மகன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். இன்னொரு தடவை வந்து பார்க்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டானாம். அக்கா ஒலிபெருக்கியில் போட்டு என்னையும் கேட்க வைத்தார். "பார்த்தது பார்த்ததுதான் தம்பி. அம்மாவ இந்த வயசுல பொய் சொல்ல வேணாம்னு சொல்லுங்க," என்று வைத்துவிட்டார்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலையிலேயே மலை தெரியாத அளவுக்கு மழை பிடித்துக்கொண்டது. மதியம் கடலும் ஏறியது. படகுக்காரர்கள் கையில் எங்கள் வரைபடம் இருந்தது. அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, சொன்ன வரிசையில் போனார்கள். கணுக்கால் என்று சாதித்தவர்கள் எல்லாரும் முதலில் ஏறினார்கள். பெண் பார்க்க ஆள் வந்திருந்த அந்த வீட்டுக்காரர்கள் தொலைக்காட்சிப் பெட்டியையும் படகில் ஏற்றிக்கொண்டார்களாம். கடைசி வீட்டின் முன்வாசல் அப்போதும் தண்ணீருக்கு மேலேதான் தெரிந்தது. கதவு சாத்தியிருந்தது. பச்சை வீடு, மகன் வந்து அழைத்துப் போயிருப்பான் என்று அக்கம்பக்கத்தார் நினைத்துக்கொண்டார்கள்.

மகன் பாயான் லெப்பாசிலிருந்து வரும் சாலையில், நகராத கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தான். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்தும் நீந்தியும் வந்து சேர்ந்தபோது, தண்ணீர் முன்கூடத்தையும் பிடித்திருந்தது. அம்மா நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். மேடையிலிருந்த முருகன் படத்தை எடுத்து மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தாராம். இதைப் பக்கத்து வீட்டுப் பெண்தான் எனக்குச் சொன்னாள். 

காரியம் முடிவதற்கு முன்பே அக்கா போக வேண்டும் என்றார். போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "நான் போட்ட கலர். நான் போகணும்," என்றார். நான் ஓட்டிக்கொண்டு போனேன். அவர் அன்று பூட்ஸ் போடவில்லை. நெற்றியில் ஒன்றுமில்லை.

கூடத்தைக் கழுவியிருந்தார்கள், இருந்தும் சேற்று வாடை போகவில்லை. மகன் மொட்டைத் தலையோடு தரையில் உட்கார்ந்திருந்தான். சுவரைச் சுற்றிலும் ஒரே மட்டத்தில் சேற்றுக் கோடு. மேடையில் விளக்கு இல்லை. காலண்டரைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. அது தொங்கிய இடத்தில், அக்காவின் நெற்றிக்கு மேலே வரைக்கும், பழைய திருகாணி ஓட்டைகள் வரிசை வரிசையாக ஏறியிருந்தன. அவற்றுக்கு மேலே பழைய விளக்குப் புகையின் கறுப்பு.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாமிமேடை எங்கே என்று அன்று அவர் கேட்கவில்லை.

"அங்கதான் மேடம் இருந்துச்சு முன்னாடி," என்றான் மகன். குரலில் கோபமே இல்லை. "ரெண்டு பாஞ்சிருக்கு ரெண்டு தடவ மேல ஏத்துனோம். அம்மாவுக்குக் கால எடுத்த பிறகு எட்டல. விளக்கு ஏத்த முடியலன்னு அழுதாங்க. நான்தான் கழட்டிக் கீழ அடிச்சேன். உக்காந்துகிட்டே ஏத்துவாங்க. ஓட்டை அசிங்கமா இருக்குன்னு அவங்கதான் காலண்டர மாட்டச் சொன்னாங்க."

 

மகன் எழுந்தான். மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து சேற்றுக் கோட்டுக்குக் கீழே சுவரோடு ஒட்டி வைத்தான். கோடு நாற்காலியின் முதுகையெல்லாம் தாண்டி, உட்கார்ந்தவர் தலை வரக்கூடிய இடத்துக்கும் மேலே ஓடியது.

"டேப் கொண்டாந்தீங்களா மேடம்? அளந்துக்குங்க. கழுத்துன்னு கொறைச்சுத்தான் சொல்லியிருக்காங்க."

அக்கா அளந்தார். ஆமாம், பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். கீழ்நுனியைப் பிடிக்கச் சொல்லி வழக்கம்போல என் பக்கம் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மகன் குனிந்து தரையில் பிடித்துக்கொண்டான். அவர் மேல்நுனியைக் கோட்டில் வைத்துப் படித்து, கைப்பேசியில் குறித்துக்கொண்டு, டேப்பைச் சுருட்டினார். அந்த நிமிடம் நான் அவரை மனதார வெறுத்தேன். பப்பாளிச் சாறு எல்லாம் நினைவிருந்தும் வெறுத்தேன்.

 திரும்பும் வழியில் அழுவார் என்று நினைத்தேன். அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு கேள்வி விட்டுப்போச்சு தம்பி," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வேலை சுங்கை பாக்காப் பக்கம், தோட்டத்தை ஒட்டிய ஓர் ஓடைக்கரை. அதோடு நான் வேலையை விட்டேன். முதல் வீட்டில் வயதான அம்மாள் ஒருவர் மணையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா பூட்ஸைக் கழற்றினார், கால் அலம்பினார், உள்ளே போய்க் கண்மூடிக் கும்பிட்டார். விளிம்பை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு திரும்பி, நான் அதுவரை அவர் வாயில் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்.

"விளக்கு யாரு ஏத்தறது ஆண்ட்டி?"

அந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. இதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள். "நான்தாம்மா. ஒருநாள்கூட விடறதில்ல."

"கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க."

எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. சாமி காரியமாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, வெங்காயத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முழங்காலில் கையை ஊன்றி எழுந்து நின்றார். அக்கா அவர் கால்களைப் பார்த்தார்.